எந்த ஊரில் போய்க் குடியிருக்கலாம்? அந்தந்த ஊர்க்காரர்கள் சொல்வது

கேள்வி

ஓய்வுக்குப் பிறகோ, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி அமைந்த பிறகோ, தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறு ஊருக்குக் குடிபெயர நினைப்பவர்களுக்காக இந்தத் திரி. "நல்ல ஊர், அமைதியான ஊர்" என்பதோடு நிறுத்தாமல் தண்ணீர், வெயில், மழை, ஆஸ்பத்திரி, வாடகை பற்றி விவரமாக எழுதுங்கள். குறை இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

கோவை, வடவள்ளிப் பக்கம்

கோயம்புத்தூர் என்றதும் எல்லாரும் சிறுவாணியைத்தான் சொல்வார்கள். ஆனால் ஊர் முழுக்கச் சிறுவாணி வராதுங்க. மேற்குப் பக்கத்துக்குப் பெரும்பாலும் சிறுவாணி, கிழக்கே பவானி ஆற்றுப் பில்லூர்த் திட்டம், குறிச்சி, குனியமுத்தூர்ப் பக்கம் ஆழியாறு. வீடு பார்க்கும்போது "கார்ப்பரேஷன் தண்ணி வருதா?" என்று கேட்டால் "வருது" என்பார்கள், அதில் பிரயோஜனம் இல்லை. எந்தத் திட்டத் தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒருக்கா, வந்தால் எத்தனை மணி நேரம் என்று மூன்றையும் கேளுங்கள். சொன்ன பதிலைப் பக்கத்து வீட்டில் சரிபாருங்கள்.

அடுத்தது தொட்டிக் கணக்கு. நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைப்பார்கள். 4 பேருக்கு 540 லிட்டர். 8 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் தெருவாக இருந்தால் 4,320 லிட்டர் பிடித்துவைக்க வேண்டும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். 6 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழத்தில் நிலத்தடித் தொட்டி இருந்து, மேலே அரை அடி காலியாக விட்டாலும் 4,600 லிட்டருக்கு மேல் நிற்கும். அதற்குக் குறைந்த தொட்டி உள்ள வீட்டில் கடைசி இரண்டு நாள் திண்டாட்டம்தான்.

இங்கே பல வீடுகளில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு வழி உண்டு. போர்வெல் உப்புத் தண்ணி குளிக்க, துவைக்க. நல்ல தண்ணி குடிக்க, சமைக்க. அப்படி இருந்தால் 4 பேருக்கு நாளைக்கு 50 லிட்டர் நல்ல தண்ணி போதும், 500 லிட்டர் தொட்டியே தாங்கும். ஆனால் குழாய் வழி இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே மாடித் தொட்டியில் இரண்டையும் கலந்துவிடும் வீட்டில், நல்ல தண்ணி வந்தும் வராத மாதிரிதான்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும். ஊர் குளுகுளுவென்று இருக்கும். அந்த மாதத்தில் வந்து பார்த்துவிட்டு, வருஷம் பூரா இப்படித்தான் என்று முடிவு செய்பவர்கள் நிறையப் பேர். மார்ச் கடைசியில், ஏப்ரலில் வந்து நாலு நாள் தங்கிப் பாருங்கள். வீசிங் உள்ளவர்கள் காற்றுக் காலத்திலும் வந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் புழுதியும் அந்தக் காற்றோடுதான் வரும்.

தண்ணீர்ப் பரிசோதனை பற்றி இடையில் ஒரு குறிப்பு

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீடு பார்க்கப் போகும்போது பையில் இருக்கட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதே விரும்பத்தக்கது. வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 1,500 காட்டும் போர்வெல் தண்ணீரில் கெய்சர் காயிலில் உப்புப் படிந்து சீக்கிரம் போய்விடும், ஷவர் ஓட்டைகள் அடைக்கும், பருப்பு வேகாது. ஆனால் மீட்டரில் எண் குறைவாக வந்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். அது கரைந்த உப்பை மட்டும் காட்டும். கிருமியையும் ஃபுளோரைடையும் காட்டாது. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுக்கலாம். உப்பு, ஃபுளோரைடுக்குச் சுத்தமான கேனில் 2 லிட்டர். கிருமிப் பரிசோதனைக்குத் தொற்று நீக்கிய தனிப் பாட்டில் வேண்டும். மினரல் வாட்டர் பாட்டிலைக் கழுவி எடுத்துப்போனால் முடிவு தப்பாக வரும்.

திருச்சி

வயதான பெற்றோருடன் குடியேற நினைப்பவர்களுக்குத் திருச்சியை நான் முதலில் சொல்வேன். காரணம் காவிரியும் ரயிலும். சென்னையிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர். தென்மாவட்ட ரயில்களில் பெரும்பாலானவை இங்கே நின்றுதான் போகும், அதனால் ஒரு வண்டியில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருந்தால் நேரடி விமானம் இருக்கிறது. புதிய முனையம் 2024-ல் திறந்தார்கள். தில்லைநகரைச் சுற்றி ஆஸ்பத்திரிகள் நெருக்கமாக இருக்கின்றன.

வெயில்தான் பெரிய பரீட்சை. கத்திரியில் 40 டிகிரி சாதாரணம். பகல் வெயிலைவிட ராத்திரிப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். மொட்டை மாடிக் கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நடுராத்திரி வரைக்கும் கீழே விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே அடுக்குமாடியில் கடைசி மாடி வேண்டாம். தனி வீடென்றால் மாடியில் ஏறிப் பாருங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் நல்லது. வெறும் கான்கிரீட் என்றால் வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடிக்க வேண்டும், தூசி படிந்தால் அதன் பலன் குறைவதால் கழுவியும் விட வேண்டும். மேற்குச் சுவரை ஒட்டிப் படுக்கையறை இருந்தால் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் ஏறும்.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. நிலத்தடி நீர் நன்றாக இருக்கும், தெரு சமதளம், காலையில் பெரியவர்கள் நடக்க வசதி. ஆனால் மார்கழியில் பகல்பத்து, ராப்பத்து நடக்கும்போது கோயிலைச் சுற்றிய வீதிகளில் கார் எடுப்பது சிரமம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வாசல் வரை வருமா என்று தெருவின் அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் கரையோர நகர்களில் மனை மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். மேல்பக்கம் பெய்த மழை, இங்கே வானம் வெளுத்த பிறகு வந்து சேரும்.

பாளையங்கோட்டை

தாமிரபரணித் தண்ணீர், ஐகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பள்ளிக்கூடங்கள் எல்லாம் பக்கத்திலேயே. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்துவிட்டு இங்கே யாரும் வீடு பார்க்கக் கூடாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது அப்போதுதான். நெல்லை ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டையில் ஆற்றோரப் பகுதிகளுக்குள் ஆறு வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாளையின் மேட்டுப் பகுதி பாதுகாப்பு.

இன்னொன்று, குற்றாலத்துச் சாரலை நினைத்து இங்கே வராதீர்கள். ஜூன், ஜூலையில் தென்காசியில் சாரல் விழும். இங்கே வெறும் காற்றும் வெயிலும்தான். சாரல்தான் வேண்டுமென்றால் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் பாருங்கள். சிறப்பு மருத்துவத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் திருநெல்வேலி வர வேண்டியிருக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

சென்னை, தென்புறநகர்

சென்னையை விட்டுப் போவதைப் பற்றியே பேசுகிறோம். சென்னையிலேயே தெருவை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பதையும் யோசியுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் தாழ்வுப் பகுதிகள் மூழ்கின. அதே தாம்பரம் வட்டாரத்தில் மேட்டுத் தெருக்கள் தப்பித்தன. வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தெருவைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்ட தெருவில் வீடு பள்ளமாகிவிடும். வீட்டுத் தரைமட்டம் ரோட்டைவிட இரண்டு அடியாவது மேலே வேண்டும். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை, கீழ்த்தளத்தில் ஈபி மீட்டர் பெட்டி இருக்கும் உயரம், இரண்டும் உண்மையைச் சொல்லும். பெட்டியைப் புதிதாகத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள்.

குன்னூர்

மலையில் வாழ ஆசைப்படுகிறவர்களுக்குச் சுருக்கமாக. குன்னூருக்கு மேலே இருக்கும் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. மழைக்காலத்தில் துணி உலர நாலைந்து நாள் ஆகும், சுவரோடு ஒட்டிய பீரோவில் பூஞ்சை பிடிக்கும். பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள், பத்திரங்களை வெறும் அட்டைப் பெட்டியில் வைக்காதீர்கள். நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மலையேறிக் குடியேற வேண்டாம்.

பெரிய வைத்தியத்துக்குக் கோவைக்குத்தான் இறங்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரத்தில் நிலச்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெட்டிச் சமப்படுத்திய சரிவுக்கு நேர் கீழே உள்ள வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு அது தேவையில்லை. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எடுக்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் பற்றி

எந்த ஊரானாலும் உடனே வாங்காமல் ஒரு கோடை, ஒரு ஐப்பசி மழை முடியும் வரை வாடகைக்கு இருங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சென்னையில் இன்றும் ஆறு, பத்து மாதம் கேட்பவர்கள் உண்டு. கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். பெயின்ட் செலவுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதைத் தொகையாகவே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

ஈபி மீட்டர் உங்களுக்கென்று தனியாக இருக்கிறதா பாருங்கள். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே இணைப்பும் சப் மீட்டரும் என்றால், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டி எல்லாருக்கும் விலைப்படி ஏறும், இலவச 100 யூனிட்டும் பங்குக்குப் போய்விடும். சாவி வாங்கும் அன்றே மீட்டர் எண்ணைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.