நெருலில் அம்மோனியா கசிந்த இரவு: ஆலையை அகற்றுவதா, வேலைமுறையை மாற்றுவதா?

#1 மலர் (நெருல், நவி மும்பை) | செவ்வாய், இரவு 10.40

போன வாரம் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குளிர்பதனக் கிடங்கில், குளிரூட்டப் பயன்படுத்தும் அம்மோனியா கசிந்தது. நள்ளிரவு கடந்திருக்கும். மூக்கில் ஊசி குத்தியது போன்ற நெடியில் விழித்தோம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினால், எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. நாங்கள் ஓடிய பக்கத்தில்தான் நெடி அதிகமாக இருந்தது. கீழ்வீட்டுப் பாட்டிக்கு மூச்சு சீராக இரண்டு நாள் ஆயிற்று.

2024 ஜூலையில் தூத்துக்குடிப் பக்கம் மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து பெண்கள் மயங்கி விழுந்தார்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் ஊரே இரவோடு இரவாக வெளியேறியது. ஊரில் நடந்தது இங்கே நம் தெருவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? குடியிருப்புக்கு நடுவே அம்மோனியா வேண்டாம். ஆலையை அகற்றட்டும், அல்லது வேறு வாயுவுக்கு மாறட்டும்.

#2 துர்பே அண்ணாச்சி | செவ்வாய், இரவு 11.25

மகளே, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஆலையை அகற்று என்பது ஒரு வரியில் முடிகிற காரியமா? நான் துர்பேயில் 30 ஆண்டுகளாக ஐஸ் ஆலை நடத்துகிறேன். நான் வந்தபோது சுற்றிலும் வெற்று நிலம். கட்டடங்கள் பிறகு வந்தவை. மும்பையின் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் மீன் கெடாமல் சந்தைக்குப் போவது எங்களைப் போன்றவர்களின் ஐஸால்தான்.

அம்மோனியா நெடியே அதன் காவல்காரன். துளி கசிந்தாலும் மூக்கு சொல்லிவிடும். தினமும் காலையில் கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் காட்டுகிறோம். கசிவு இருந்தால் வெண்புகை எழும். 30 ஆண்டுகளில் ஒரு விபத்து இல்லை.

#3 கம்ப்ரசர்காரன் (தலோஜா) | புதன், காலை 6.10

இரவுப் பணி முடித்து வந்து எழுதுகிறேன். தலோஜாவின் இறால் ஆலைகளில் 22 ஆண்டுகளாக ஆபரேட்டர்.

அண்ணாச்சி, கந்தகத் திரி நல்ல பழக்கம். அது மெல்லக் கசிவதைக் காட்டிக்கொடுக்கும். ஆளைக் கொல்வது மெல்லக் கசிவது அல்ல, திடீரென்று பீறிடுவது. அது பெரும்பாலும் நாம் கைவைக்கும் நேரத்தில்தான் நடக்கிறது.

எண்ணெய் வடிப்பதையே எடுத்துக்கொள்வோம். கம்ப்ரசர் எண்ணெய் அம்மோனியாவில் கரையாது. அதைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். அவ்வப்போது வடித்தாக வேண்டும். நான் உதவியாளாக இருந்தபோது எங்கள் மூத்த ஆபரேட்டர் தனியாக உட்கார்ந்து வாளியில் வடித்துக்கொண்டிருந்தார். குளிரில் எண்ணெய் வெல்லப்பாகு போல இறுகி, சொட்டுச் சொட்டாக விழுந்தது. பொறுமை இழந்து வால்வை இன்னும் இரண்டு சுற்று திறந்தார். அடைப்பு விலகியதும் எண்ணெய்க்குப் பின்னால் நின்ற திரவ அம்மோனியா மொத்தமாகப் பாய்ந்தது. ஒரு லிட்டர் திரவம் 800 மடங்குக்கு மேல் விரிந்து வாயுவாகும். அறை வெள்ளையாகிவிட்டது. வால்வு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. ஐஸ் தொட்டிப் பக்கம் நின்ற நான் முனகல் கேட்ட திசையில் தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்து இழுத்தேன். குழாயடியில் வைத்துக் கண்ணில் நீர் விட்டுக்கொண்டே இருந்தேன். இடது கண் போய்விட்டது.

அந்த வால்வுக்குப் பின்னால், கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்று இருந்திருந்தால் அந்தக் கண் இன்றும் இருக்கும். அவர் நினைவிழந்தாலும் அது மூடியிருக்கும்.

#4 அரவிந்த் (செம்பூர்) | புதன், காலை 9.30

நான் குளிரூட்டல் வடிவமைப்பில் இருக்கிறேன். மலர் அக்கா கேட்ட ‘வேறு வாயு’ பற்றி: ஃப்ரியான் என்னும் குளிரூட்டும் வாயு வகையில் ஆர்-22 ஓசோனைத் துளைப்பது. மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2030-க்குள் கைவிடப்பட வேண்டியது. அதற்கு மாற்றான ஆர்-404ஏ, கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 3,900 மடங்கு பூமியைச் சூடாக்கும். இரண்டுக்கும் எச்சரிக்கும் நெடி இல்லை. மூடிய அறையில் தேங்கினால் ஆக்சிஜனை வெளியே தள்ளி, சத்தமில்லாமல் ஆளைச் சாய்க்கும்.

புதிய ஆலைகளுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. அம்மோனியா இயந்திர அறைக்குள் மட்டும் ஓடும். ஆட்கள் வேலை செய்யும் பக்கத்துக்குக் குழாய்களில் கரியமில வாயு குளிரைக் கொண்டுபோகும். அம்மோனியாவின் மொத்த அளவும் வெகுவாகக் குறையும்.

#5 துர்பே அண்ணாச்சி | புதன், மதியம் 2.15

தம்பி சொல்லும் முறைக்கு ஆலையையே புதிதாகக் கட்ட வேண்டும். ஐஸ் விற்கும் விலையில் அது முடியாது. எங்களுடையது சின்ன ஆலை. சில டன் அம்மோனியாதான். சட்டமே எங்களைப் பெரிய அபாயமாகப் பார்ப்பதில்லை.

#6 கம்ப்ரசர்காரன் (தலோஜா) | புதன், மாலை 5.50

அண்ணாச்சி, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 1989-ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகளில் அம்மோனியாவுக்குக் கீழ் வரம்பே பல பத்து டன். அதைத் தொட்டால்தான் அவசரகாலத் திட்டம் அந்த விதிகளின்படி கட்டாயமாகிறது. சட்டம் எடையைப் பார்க்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

கனடாவில் ஃபெர்னி என்னும் சிற்றூரில் பனிச்சறுக்கு அரங்கம் ஒன்று. அங்கே கசிகிறது என்று முன்பே தெரிந்த குளிர்விப்பானை 2017 அக்டோபரில் மறுபடி ஓட்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். ஐஸ் ஆலைகூட அல்ல, ஊர்க்காரர்கள் விளையாடும் இடம்.

மூக்கைப் பற்றியும் சொல்கிறேன். 8 மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கப்படும் உச்சம், காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு அம்மோனியா. 300 பங்கு உடனடி உயிர் அபாய அளவு. நாள் முழுதும் அந்த நெடியில் நிற்கிறவன் மூக்கு மரத்துப்போய்விடும். புதிதாக வருகிறவர் மூக்கைப் பொத்தும் இடத்தில் நான் நின்று டீ குடித்திருக்கிறேன். என் மூக்கை நம்பி மலர் தங்கச்சியின் தெரு தூங்கக் கூடாது. சென்சார் வேண்டும்.

மும்பை மழைக்குக் குழாய்களின் காப்புறைக்குள் ஈரம் இறங்கும். மேலே வெள்ளையாக, அழகாக இருக்கும். பிரித்தால் உள்ளே துரு செதில் செதிலாக உதிரும். உங்கள் ஆலையில் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள்?

#7 துர்பே அண்ணாச்சி | புதன், இரவு 9.05

பிரித்துப் பார்த்து நாளாயிற்று. ஒத்துக்கொள்கிறேன். ஸ்பிரிங் வால்வு பெரிய செலவில்லை, வாங்கிவிடலாம். ஆனால் இரவுப் பணிக்கு இரண்டு ஆள் என்பீர்கள், அது என்னால் ஆகாது. கசிந்தால் தண்ணீர் ஊற்றி அடக்கத் தெரிந்த ஆள்தான் இருக்கிறார். ஈரத் துணியும் மாஸ்க்கும் தயாராக இருக்கின்றன.

#8 அரவிந்த் (செம்பூர்) | புதன், இரவு 9.40

ஐயா, அந்த ஆளிடம் இன்றே சொல்லுங்கள். காற்றில் எழும் வாயுவின் மேல் நீரைத் தூவினால் அது கரைந்து இறங்கும். தரையில் தேங்கிய திரவத்தின் மேல் ஊற்றினால் கொதித்து இன்னும் அதிகமாக எழும். ஈரத் துணி வாசலைத் தாண்டும் வரைக்கும்தான். வடிகட்டி மாஸ்க்கும் அடர்ந்த வாயுவில் காப்பாற்றாது. உள்ளே போக வேண்டுமானால் முதுகில் காற்று உருளை கட்டியவர்தான் போகலாம்.

#9 மலர் (நெருல்) | புதன், இரவு 10.20

இத்தனை படித்த பிறகும், என் வீட்டுக்குப் பின்னால் அது இருக்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. நீங்கள் சொல்வதெல்லாம் எல்லாரும் ஒழுங்காக நடந்தால்தான். அடுத்த முறை நெடி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? அதை மட்டும் சொல்லுங்கள்.

#10 கம்ப்ரசர்காரன் (தலோஜா) | புதன், இரவு 10.45

காற்று வீசும் திசைக்குக் குறுக்காக ஓடுங்கள். காற்றோடு ஓடினால் அது கூடவே வரும். வாயு லேசானதுதான், மேலே போய்விடும் என்பார்கள். அழுத்தத்தில் பீறிட்டு வருவது குளிர்ந்து, ஈரக் காற்றோடு சேர்ந்து, மூட்டமாகத் தரையை ஒட்டியே நகரும். ஆலைக் கூரையில் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் ஒன்றைக் கட்டி, இரவில் விளக்கும் போடச் சொல்லுங்கள். அது உங்கள் தெருவிலிருந்து தெரிய வேண்டும்.

#11 துர்பே அண்ணாச்சி | புதன், இரவு 11.10

என் ஆலைக்குப் பின்னாலும் குடியிருப்பு இருக்கிறது. துணிக்குழாயைச் சனிக்கிழமை கட்டுகிறேன். மழைக்கு முன் காப்புறையையும் பிரிக்கிறேன். இரவுக்கு இரண்டாவது ஆள் மட்டும் இப்போதைக்கு முடியாது.

#12 கம்ப்ரசர்காரன் (தலோஜா) | புதன், இரவு 11.15

அப்படியானால் இரவில் எண்ணெய் வடிக்காதீர்கள், அண்ணாச்சி.