கண்ணெதிரே வெடித்த பாரமீசியம்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

வைக்கோல் ஊறல்:
நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்புக்கு அடியில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தப் பாரமீசியம், ஒரே செல்லாலான நீர் உயிர், ஓட்டத்தை நிறுத்தியது, என்னாலும் நிதானமாகப் பார்க்க முடிந்தது. அதன் உடலுக்குள் கால்வாய்கள் நட்சத்திரக் கதிர் மாதிரி நிரம்பும், நடுவில், மிகை நீரை வெளியேற்றும் சுருங்கும் குமிழ் பருக்கும், சட்டென்று காணாமல் போகும். எண்ணிக்கொண்டே இருந்தேன். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடியது. அப்புறம் ஓரத்தில் ஒரு கொப்புளம் தள்ளியது. அடுத்த நொடி உடலே இல்லை, துகள்கள்தான் மிதந்தன. ஆனால் கிழிந்த ஒரு துண்டில் குறுயிழைகள், அது நீந்த உதவும் மயிர் போன்ற இழைகள், இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. சொட்டுக்குழாய் என் கைப்பக்கத்திலேயே இருந்தது. ஒரு சொட்டு விட்டிருக்கலாம்.

பீப்பாய்:
எனக்கு டிடினியம், பாரமீசியத்தை வேட்டையாடும் இன்னொரு ஒற்றைச் செல் உயிர். இரண்டு வளையமாகக் குறுயிழை கட்டிக்கொண்டு சுழன்று வந்தது, மூக்கு பட்டதும் பாரமீசியத்தோடு ஒட்டிக்கொண்டது. பாரமீசியம் தற்காப்பு முட்களான டிரைக்கோசிஸ்டுகளைக் கொத்தாக வீசியது, இரண்டுக்கும் நடுவே முள்புதர் முளைத்த மாதிரி. பிடி விடவில்லை. தன்னைவிடப் பெரியதை முழுசாக விழுங்கிவிட்டது. அந்த வாய் விரிந்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நிதானம்:
வைக்கோல் ஊறல், துடிப்பு குறைந்ததைச் சாவின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீர் வற்றினால் உப்புச் செறிவு ஏறும், உள்ளே புகும் நீர் குறையும், வெளியே தள்ள வேண்டியதும் குறையும். குமிழ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. உடைத்தது கவர்ஸ்லிப்பின் அழுத்தமாக இருக்கும். அடுத்த முறை நான்கு மூலையிலும் துளி வாசலின் வையுங்கள், கண்ணாடி நேராக அமுக்காது. ஓட்டத்தைக் குறைக்கப் பஞ்சு இழைகளைப் பிரித்துப் போடலாம், நீரைக் கெட்டியாக்கும் மெத்தில் செல்லுலோஸ் கரைசலும் உதவும். நீர் சேர்ப்பதென்றால் அதே ஊறலின் நீரைச் சேருங்கள், காய்ச்சி வடித்த நீர் வேண்டாம். விளக்கையும் குறைத்து வையுங்கள், சூடு ஏறும்.
என் அனுபவம் சின்னது: மேசையைத் தட்டினேன், காம்பில் ஒட்டி வாழும் ஒற்றைச் செல் உயிரான வோர்ட்டிசெல்லாக் கூட்டம் மொத்தமும் காம்பைச் சுருட்டிக்கொண்டது. அரை மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தேன்.

இரட்டை:
பக்கவாட்டில் ஒட்டிய ஜோடியைப் பார்த்து, பிளவு என்று நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாள்தான் உறைத்தது. பாரமீசியம் பிளந்தால் குறுக்கே இடுப்பு ஒடுங்கும். நான் பார்த்தது இணைவு. சிறிய உட்கருவில் ஒரு பங்கை மாற்றிக்கொண்டு பிரியும், பழைய பெரிய உட்கரு சிதைந்து புதிதாக உருவாகும். எண்ணிக்கை அப்போது கூடுவதில்லை. அவை பிரிந்த நொடியைப் பார்க்காமல் விட்டதுதான் மனசை அறுக்கிறது.

வைக்கோல் ஊறல்:
நிதானம், துடிப்பு குறைந்ததைச் சாவு என்று நான் எழுதவே இல்லை. வாசலின் வைத்துப் பார்க்கிறேன், நன்றி. ஆனால் என்னை உறுத்துவது அந்தக் குறுயிழைகள். உடலே போன பிறகு எது அவற்றை அசைத்தது?

இரட்டை:
ஒவ்வொரு குறுயிழைக்கும் அடியில் அதற்கென்று ஓர் அடித்துகள் உண்டு, அசைக்கும் டைனீன் என்ற புரதம் இழைக்குள்ளேயே இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மிச்சம் இருக்கும்வரை அடிக்கும். 1972-இல் நைட்டோ, கனெகோ என்ற ஆய்வாளர்கள் சவ்வைச் சிதைத்த பாரமீசியத்துக்கு ஏடிபியும் மக்னீசியமும் கொடுத்து மறுபடி நீந்த வைத்தார்கள்.