முதல் வாயிலேயே பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடலாமா?

அரைவாய்:

எல்லோருக்கும் வணக்கம். 42 வயது வரை புதிதாக எதையும் வாயில் வைக்காமலே காலத்தை ஓட்டிவிட்டேன். எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் தெரிந்த பெயர் கண்ணில் படும்வரை மெனுவைப் புரட்டுகிற ஆள் நான்.

போன பிறந்தநாளுக்கு மகள் ஒரு நோட்டு கொடுத்தாள். அட்டையில் "அப்பா இதுவரை தின்னாதது" என்று பெரிதாக எழுதி, உள்ளே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மாதத்தின் பெயர் போட்டிருந்தாள். மாதம் ஒன்று. தின்றதும் நான் எழுத வேண்டும், அவள் கையெழுத்துப் போடுவாள். ரேங்க் கார்டு மாதிரிதான், ஆள் மட்டும் இடம் மாறிவிட்டோம்.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

அவகாடோ: "மெழுகு. உப்புப் போட்டேன். உப்புப் போட்ட மெழுகு."

ஆர்ட்டிசோக் (காய்கறியாகத் தின்கிற ஒரு பூமொட்டு): "சுமார். ஆனால் அதற்குப் பிறகு குடித்த தண்ணீர் இனித்தது!" (டம்ளரில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அதே தண்ணீரை மகளிடம் கொடுத்தேன். வெறும் தண்ணீர்தான் என்றாள். அவள் ஆர்ட்டிசோக் தின்னவில்லை.)

ப்ளூ சீஸ்: "ஈரத்துணியை வாளியில் மறந்துவிட்டு மூன்றாம் நாள் திறந்த வாசனை. ஒரு துணுக்கு. போதும்."

நாட்டோ (ஜப்பானியர்கள் தின்கிற, புளிக்க வைத்த சோயா பீன்ஸ்): "நூல் நூலாக வந்தது. தாடையில் ஒட்டியது. துடைத்த கையில் ஒட்டியது. பாதி."

இப்போதைய பிரச்சினை ஐந்தாவது, பெர்சிமன். கூட வேலை செய்யும் பெண் ஒருவர் இரண்டு பழம் கொடுத்தார். பளபளவென்று ஆரஞ்சு நிறம், பார்த்தாலே ஆசை வரும். தேய்த்துக் கழுவி, தோலோடு ஒரு பெரிய கடி. முதல் இரண்டு நொடி லேசாக இனிப்பு. அப்புறம் வாய்க்குள் யாரோ கம்பளித் துணியைத் திணித்த மாதிரி ஆகிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் வற்றிவிட்டது. பல்லின் பின்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல் கரகரத்தது. தண்ணீர் குடித்தேன், போகவில்லை. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தால் பேச்சு குழறியது. அரை மணி நேரம் கழித்துதான் நாக்கு என் நாக்காக இருந்தது.

கொடுத்தவரோ "தேன் மாதிரி இருக்குமே" என்கிறார். இன்னொரு பழம் மேசையில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது.

கேள்வி இரண்டு. ஒன்று, இது கெட்டுப்போன பழமா? இரண்டு, பொதுவாக ஒன்று முதல் தடவை பிடிக்கவில்லை என்றால் மறுபடி முயன்று பார்ப்பீர்களா? எத்தனை தடவை? ஐந்தில் ஒன்றுதான் தேறியிருக்கிறது, அதுவும் தண்ணீரின் புண்ணியத்தில்.

கனியும்வரை:

அரைவாய் அண்ணே, அந்த இன்னொரு பழத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! கெட்ட பழம் இல்லை. காய்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், அடிப்பக்கம் கூராக, ஓக் மரக் கொட்டையைப் பெரிதாக்கின மாதிரி இருக்கிறதா, இல்லை தக்காளி மாதிரி சப்பையாகவா? கூராகத்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். அதற்கு ஹாச்சியா என்று பெயர். சப்பையாக இருப்பது ஃபூயு. ஃபூயுவை ஆப்பிள் மாதிரி கறுக்கென்று கடித்துத் தின்னலாம், கெட்டியாக இருந்தாலும் இனிக்கும். ஹாச்சியாவை அப்படித் தொட்டால் உங்கள் கதிதான். நானும் பட்டவள். எனக்கு அன்று ஒரு மணி நேரத்தில் வீடியோ காலில் வேலைக்கான நேர்காணல் வேறு. அதை விடுங்கள்.

நடப்பது இதுதான். அந்தக் காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். அது எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துத் திரித்துவிடுகிறது, வாயின் வழவழப்பு போய்விடுகிறது. நாம் துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்துவிட்டோம், ஆனால் இனிப்பு கசப்பு மாதிரி இது நாக்கின் சுவைமொட்டுக்கு மட்டும் தெரிகிற விஷயம் இல்லை. உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் சேர்ந்து உணர்கிறது. அதனால்தான் உங்களுக்குக் கம்பளி ஞாபகம் வந்தது, ருசி ஞாபகம் வரவில்லை.

பழுக்கப் பழுக்க அந்த டானின் எச்சிலில் கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். அப்போது வாய்க்கு ஒன்றும் தெரியாது, சர்க்கரை மட்டும் நிற்கும். பழுத்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்றால், நீங்கள் "ஐயோ அழுகிவிட்டதே" என்று நினைக்கும் நாள்தான் தின்ன வேண்டிய நாள். தண்ணீர் நிரப்பின பலூன் மாதிரி தொளதொளவென்று ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று இருந்தால் போதாது. காகிதப் பையில் வாழைப்பழத்தோடு போட்டு வையுங்கள், வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு சீக்கிரம் கனிய வைக்கும். பொறுமையே இல்லை என்றால் ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து எடுத்து இளகவிட்டாலும் துவர்ப்பு நன்றாகக் குறையும்.

ஜப்பானில் இந்தத் துவர்க்கிற காயையே தோல் சீவி, கயிற்றில் கட்டி, வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் காய வைக்கிறார்கள். ஹோஷிகாகி என்று பெயர். உள்ளிருக்கும் சர்க்கரையே வெளியே வந்து வெள்ளை மாவு மாதிரி மேலே படிந்திருக்கும். முதலில் பார்த்தவள் பூஞ்சை என்று நினைத்துக் கழுவப் போய்விட்டேன்.

ஒரு எச்சரிக்கை. வீம்புக்காகக் காயை வெறும் வயிற்றில் நிறையத் தின்னாதீர்கள். அந்த டானின் வயிற்றில் திரண்டு கட்டியாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

அவகாடோவும் அதே கதைதான் என்று நினைக்கிறேன். அது மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். மெழுகு என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் தின்றதும் காய். மகளை அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள்.

ரெண்டாம்சோறு:

நான் வேற பக்கத்துல இருந்து சொல்றேன். வீட்ல ரெண்டு வயசுப் பையன் இருக்கான், அதனால "எத்தனை தடவை" அப்படிங்கிற கேள்வியோடதான் தினமும் குடித்தனம்.

1982-ல் லியான் பர்ச் அப்படிங்கிற உளவியல் ஆய்வாளர் ரெண்டு வயசுக் குழந்தைகளுக்குத் தெரியாத சீஸ், தெரியாத பழம்னு கொடுத்துப் பார்த்தாங்க. சிலதை ரெண்டே தடவை, சிலதை அஞ்சு, பத்து, இருபது தடவை வரைக்கும். அதிகத் தடவை ருசி பார்த்ததைத்தான் பிள்ளைங்க பின்னாடி கேட்டு வாங்கித் தின்னுச்சு. 1987-ல் இன்னொண்ணு பார்த்தாங்க. தட்டுல வெச்சுக் காட்டினா மட்டும் போதாது, நாக்குல பட்டாத்தான் ருசி பழகுதாம்.

அதனால எங்க வீட்ல கணக்கு பத்து. பத்து தட்டு இல்லைங்க, பத்து துணுக்கு. கடலை சைஸ். துப்பினாலும் அது ஒரு தடவைதான். ஆலிவ் காய்ல எட்டாவது தடவை அவன் கையை நீட்டினான். வேடிக்கை என்னன்னா, அவனுக்குக் காட்றதுக்காகக் கூடவே தின்ன எனக்கு அஞ்சாவதுலயே பிடிச்சுப்போச்சு. அதுவரைக்கும் ஆலிவ்னா எனக்கு உப்புல ஊறின குண்டுமணி.

நீங்க ப்ளூ சீஸ்ல ஒரு துணுக்கோட நிறுத்திட்டீங்க. இன்னும் ஒம்பது பாக்கி.

வேண்டாம்னா_வேண்டாம்:

இவ்வளவு உற்சாகத்துக்கு நடுவே ஒரு மாற்றுக் குரல் இருக்கட்டும்.

பத்து தடவை முயன்றும் பிடிக்காதது இருக்கிறது, இருக்கட்டும். கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு மாதிரி இருக்கிறது. OR6A2 என்ற மோப்ப மரபணுவுக்கு அதில் பங்கு இருக்கிறது என்று 2012-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்களிடம் போய் "பழகிப் பார்" என்று நச்சரிப்பது நியாயமா?

எனக்கு மட்டிச்சிப்பி. முதல் முறை தின்றேன், அருமையாக இருந்தது, மூன்று கிண்ணம் உள்ளே போனது. அன்றிரவே வைரஸ் காய்ச்சல், விடிய விடிய வாந்தி. வீட்டில் சிப்பி தின்னாதவர்களுக்கும் அதே காய்ச்சல் வந்ததால் சிப்பிமேல் குற்றம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் ஆகிறது, வாசனை பட்டாலே குமட்டும். ஜான் கார்சியா என்ற உளவியல் ஆய்வாளர் 1955-லேயே இதை எலிகளிடம் காட்டிவிட்டார். இனிப்புத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் கதிர்வீச்சு கொடுத்து நோயாக்கினார், அதற்குப் பிறகு அவை இனிப்புத் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. எலிக்கும் எனக்கும் ஒரே வயிறு.

ஆகவே உடம்பு சரியில்லாத நாளில் புது உணவு வேண்டாம். பாவம், பழி அதன்மேல் விழும்.

இன்னொன்று, இதில் விளையாட்டு இல்லை. முன்பின் தின்னாததை முதலில் கொஞ்சமாகத் தின்று காத்திருங்கள். வாய் அரித்தால், உதடு வீங்கினால் அது "பழகாத ருசி" இல்லை, ஒவ்வாமை, அங்கேயே நிறுத்த வேண்டும். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு கிவி, அவகாடோ, வாழைப்பழம் கூட ஒத்துக்கொள்ளாது. ரெண்டாம்சோறு, உங்கள் பையனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூக்குத்துளை:

ப்ளூ சீஸ் ஆதரவாளர் சங்கத்தின் சார்பாக வந்திருக்கிறேன்.

ஈரத்துணி என்று எழுதியது மிகச் சரி, உங்கள் மூக்கைக் குறை சொல்லவே மாட்டேன். பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சையை வேண்டுமென்றே வளர்த்து, காற்றுப் போக ஊசியால் துளை குத்தி வைக்கிறார்கள். அது கொழுப்பைச் சிதைக்கும்போது வருகிற வாசனைதான் அது. மூளைக்கு இதுவரை தெரிந்த ஒரே பூஞ்சை வாசனை உங்கள் வாளி. அது வாளியைத்தானே சொல்லும்?

செய்து பாருங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு துணுக்கை நாக்கில் வையுங்கள். உப்பு, கொஞ்சம் புளிப்பு, வெண்ணெய் வழவழப்பு. அவ்வளவுதான், பயமே இருக்காது. மெல்லும்போது கையை எடுங்கள், வாசனை தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும். முன்பக்கத்திலிருந்து வந்தபோது நாறியது, பின்பக்கத்திலிருந்து வரும்போது ருசியாக மாறும். எல்லோருக்கும் நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், எனக்கு நடந்தது. கூட ஒரு துண்டு பேரிக்காயும் இரண்டு சொட்டுத் தேனும் இருக்கட்டும். தனியாகத் தின்னச் சொன்னவர் யார்?

நாட்டோவுக்குக் கூட வந்த கடுகு விழுதையும் சோயா சாஸையும் போட்டீர்களா? ஜப்பானிலேயே மேற்கே ஒசாகா பக்கத்தில் அதைக் கிழக்குப் பக்கம் அளவுக்குத் தின்பதில்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆர்ட்டிசோக் தண்ணீர் நிஜம்தான். அதிலுள்ள சைனரின் முதலான பொருள்கள் நாக்கில் தங்கிக் கொஞ்ச நேரம் தண்ணீரை இனிக்க வைக்கும். எல்லோருக்கும் வருவதில்லை. உங்களுக்கு வந்திருக்கிறது, கொடுத்து வைத்த நாக்கு.

அரைவாய்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், பழம் வரவிடவில்லை.

கனியும்வரை தங்கச்சி, கூராகத்தான் இருந்தது. பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். வாழைப்பழத்தோடு பையில் போட்டேன். நான்காம் நாள் ஒரு பக்கம் மெத்தென்று ஆனது, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அன்றே தின்று மறுபடி கம்பளி மென்றிருப்பேன். ஏழாம் நாள் தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே ஏதோ அசைவது தெரிந்தது. எட்டாம் நாள் மனைவி அழுகிவிட்டது என்று குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனாள். பாய்ந்து பிடுங்கினேன்.

மேலிருந்த இலைத் தொப்பியைத் திருகினால் தானாகக் கழன்று வந்தது. கிண்ணத்தில் நிற்க வைத்து ஸ்பூனை விட்டேன். எதிர்ப்பே இல்லை. ஜாமுக்கும் ஜெல்லிக்கும் நடுவே ஒரு பதம், அங்கங்கே வழுக்கும் சதைத் துண்டுகள். முதல் ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோய் இரண்டு தடவை திரும்பக் கொண்டுவந்தேன், மகள் சிரித்தாள். தின்றேன். தேன் என்று சொன்னவர் குறைத்துத்தான் சொன்னார். தோலை ஒட்டி ஒரே ஓர் இடத்தில் பழைய துவர்ப்பு எட்டிப் பார்த்தது. அதுவும் அப்போது நன்றாகவே இருந்தது, எதிரியைத் தூரத்தில் பார்ப்பது போல.

இரண்டாவது ஸ்பூன் எடுப்பதற்குள் கிண்ணம் மகள் பக்கம் போய்விட்டது. ஒரே பழம், மூன்று பேர். அழுகல் என்று சொன்னவள்தான் தோலை வழித்தாள்.

ப்ளூ சீஸ் மூன்றாவது தடவையில் நிற்கிறது. மூக்கைப் பிடித்தால் சம்மதம், விட்டால் வாளி. பேரிக்காய் மட்டும் தீர்ந்துவிட்டது. மட்டிச்சிப்பி நண்பரே, நாட்டோவுக்கு உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

நோட்டில் அவகாடோ பக்கத்தை மகள் அடித்துவிட்டு "காயைத் தின்றார், செல்லாது" என்று எழுதியிருக்கிறாள். அடுத்த மாதத்துக்கு, நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழம் என்று அவளே முடிவும் செய்துவிட்டாள். சிங்கப்பூரில் ரயிலுக்குள்ளேயே விடமாட்டார்களாமே அதை? வீட்டில் எந்த அறையில் வைத்துத் திறந்தால் நல்லது?

மூக்குத்துளை:

பக்கத்து வீட்டில்.