ரங்கூன் சொந்தங்கள் குரூப்: வாட்சனுக்கு குண்டு எங்க பட்டுச்சு?

செல்வி: எல்லாரும் சாப்டாச்சா? ஷெர்லாக் ஹோம்ஸ் படிச்சவங்க சொல்லுங்க, டாக்டர் வாட்சனுக்கு ஆப்கன் சண்டையில குண்டு எங்க பட்டுச்சு

குமார் அண்ணன்: தோள்ல. மொத கதையிலயே வருதே, மைவான்ட் சண்டை

செல்வி: ரெண்டாவது நாவல்ல கால்னு இருக்குண்ணா. வெயில் மழை மாறினா கால் வலிக்குதாம்

குமார் அண்ணன்: எழுதினவரு மறந்துட்டாரு, அவ்ளோதான்

செல்வி: அத மட்டும் சொல்லக் கூடாதுண்ணா!! ஒலகம் பூரா ஒரு கூட்டம் இருக்கு, அவங்களுக்கு ஹோம்ஸ் நெஜ ஆளு, கதை எழுதினது வாட்சன், நெஜமா எழுதின கானன் டாய்ல் சும்மா அவருக்கு ஏஜென்ட். 56 சிறுகதை 4 நாவல், இதுக்குள்ள எது முரணா இருந்தாலும் அதுக்குள்ளயே காரணம் கண்டுபிடிக்கணும். சில பேரு குண்டு ரெண்டுன்னு சொல்றாங்க, சில பேரு அவர் குனிஞ்சிருந்தப்ப ஒரே குண்டு தோள்ல பூந்து கால்ல போச்சுங்கறாங்க

மீனா அத்தை: இல்லாத ஆளுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா புள்ள, படிச்சவங்களா இதெல்லாம் செய்றாங்க?

செல்வி: ஆமா அத்தை, பெரிய பெரிய ஆளுங்க. 1911ல ஆக்ஸ்ஃபோர்டுல ரொனால்ட் நாக்ஸ்னு ஒருத்தர், பின்னாடி பாதிரியார் ஆனவர், பைபிள ஆராயற மாதிரியே இந்தக் கதைங்கள ஆராஞ்சு ஒரு கட்டுரை படிச்சாரு. 1934ல நியூயார்க்ல பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்னு ஹோம்ஸ் ரசிகர் சங்கம், 1946லேர்ந்து அவங்களுக்கு தனி பத்திரிகை, ஜப்பான்ல 1977ல ஒரு கிளப். நம்ம உரையாசிரியருங்க இல்லயா, பாட்டுல ஒரு எடம் இடிச்சா புலவர் மேல குத்தம் சொல்லாம பொருத்தமா பொருள் தேடுவாங்களே, அதே மரியாதை தான் இது. அவ்ளோ உன்னிப்பா படிக்கணும்னா அந்தக் கதை மேல எவ்ளோ பிரியம் இருக்கணும் அத்தை

செல்வி: ஒண்ணு மட்டும் எனக்கு கோவம். அந்த நியூயார்க் சங்கத்தோட வருஷ விருந்துல பொம்பளைங்களுக்கு எடம் தராம வச்சிருந்து 1991ல தான் கதவ தொறந்தாங்க. அதுக்கு முன்னாடியே பொம்பளைங்க தனியா சங்கம் வச்சு நடத்திட்டாங்க

மீனா அத்தை: அது நல்ல வேலை 👍

ராஜு மாமா பெகு: பாம்பு கதை ஒண்ணு வருமே, மணி அடிக்கிற கயித்துல எறங்கி வந்து கடிக்கும், விசில் அடிச்சா திரும்பிப் போவும்

செல்வி: அதே தான் மாமா!! அந்தக் கதைக்கு தான் சண்டையே அதிகம். ஹோம்ஸ் அத இந்தியாவுலயே கொடிய பாம்புங்கறாரு, கடிச்ச 10 செகண்ட்ல ஆள் காலி

ராஜு மாமா பெகு: வயக்காட்டுலயே வாழ்ந்தவன் சொல்றேன், கண்ணாடி விரியன் கடிச்சாலும் 10 செகண்ட்ல சாக மாட்டான். ரத்தம் உறையாது, கிட்னி கெடும், அதுக்கெல்லாம் நேரம் ஆவும். பாம்புக்கு வெளிக்காதும் கெடையாது விசில் கேக்க, கதையில வர்ற மாதிரி பாலும் குடிக்காது

செல்வி: மாமா, லாரன்ஸ் கிளாபர்னு ஒருத்தர், ராட்டில்ஸ்னேக்ங்கற வெஷப் பாம்பு பத்தி ரெண்டு வால்யூம் எழுதின ஆளு, அவரே 1948ல அந்த நியூயார்க் சங்கப் பத்திரிகையில எழுதினாரு. நாகத்தையும் கீலா மான்ஸ்டர்ங்கற வெஷப் பல்லியையும் கதையில பாம்பு வளத்து அதாலயே கடிபட்டு சாவற டாக்டர் ராய்லட் கலப்பினம் பண்ணியிருக்கணும், அதனால தான் காது கேக்குது கயிறு ஏறுதுன்னு

ராஜு மாமா பெகு: பாம்பும் பல்லியும் எங்கம்மா சேரும். அந்த டாக்டர் பயத்துலயே செத்திருப்பான், கடிபட்டவன் பயத்துல மயங்கி விழுறத பாத்திருக்கேன். பாலு கிண்ணத்துல இருந்தத தானே ஹோம்ஸ் பாத்தாரு, பாம்பு குடிச்சத யாரு பாத்தா?

குமார் அண்ணன்: அட மாமா 👏👏

செல்வி: மாமா இத அப்டியே எழுதி வைங்க, நான் இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பறேன், நெஜமா தான் சொல்றேன்

மீனா அத்தை: நம்ம பர்மாக்காரரு ஷ்வே ஊ தவுங் இந்த ஹோம்ஸதான சான் ஷா-ன்னு மாத்தி எழுதினாரு? எங்க அப்பா ராத்திரி பூரா படிப்பாரு

செல்வி: அவரே தான் அத்தை. ரங்கூன்லயே நடக்கற மாதிரி மாத்தினது. தாத்தா புக்கு ஏதாச்சும் மிச்சம் இருந்தா எடுத்து வைங்க, ஞாயித்துக்கெழம வரேன், பான்சோடன் தெரு பழைய புக்கு கடையிலயும் தேடிட்டு வரேன்

ராஜு மாமா பெகு: அந்தக் கயிறு வர்ற பக்கத்த போட்டோ எடுத்து போடும்மா. கயிறு எவ்ளோ தடிப்புன்னு பாக்கணும்