பழைய துணிக்கூரைக் கார் வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கேள்வி (கிளிநொச்சி):
1992ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று கொழும்பில் விற்பனைக்கு உள்ளது. கூரைத் துணி பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஏ-9 வீதியால் ஓட்டி வருவதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில் (மாங்குளம்):
தம்பி, கிழிந்த துணியை மாற்றிவிடலாம். கறள் பிடித்த உடலைத் திருத்துவதுதான் கடினம். கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள இரு துளைகளால் இறங்கிப் பின்சில்லுகளுக்கு அருகே வெளியேற வேண்டும். அவை சருகாலும் புழுதியாலும் அடைபட்டால், நீர் கதவுக்குக் கீழுள்ள பகுதியில் தேங்கி உள்ளிருந்தே கறளாக்கும், வெளியே பூச்சு மட்டும் பளபளக்கும். ஒரு போத்தல் நீரை மெதுவாக ஊற்றி, அது எங்கே வடிகிறதென்று குனிந்து பாருங்கள். தரைவிரிப்பின் அடியிலுள்ள பஞ்சையும் அழுத்துங்கள். நான் வாங்கிய காரில் விரிப்பு காய்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து பஞ்சைப் பிழிந்தால் சேற்றுநீர் வடிந்தது.

பதில் (வவுனியா):
இந்த வகையில் பின்கண்ணாடி பிளாஸ்டிக்காலானது. அதைக் கூரையுடன் இணைக்கும் சிப்பை (zip) திறக்காமல் கூரையை மடித்திருந்தால் அதன் குறுக்கே வெள்ளை மடிப்புக்கோடு தெரியும். முன்னைய உரிமையாளரின் பொறுமையை அந்தக் கோடே சொல்லிவிடும். எஞ்சினின் உட்பாகங்களை ஒத்திசைந்து இயங்க வைக்கும் பட்டியான ரைமிங் பெல்ற்றை ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால், பற்றுச்சீட்டு இல்லையெனில் அச்செலவை விலையில் குறைக்கக் கேளுங்கள். காரின் உடலில் பொறித்துள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்துடன் பொருந்தாவிட்டால் பேச்சே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. சனிக்கிழமை தண்ணீர்ப் போத்தலுடன் செல்கிறேன்.