மறு: கிரீஸ் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘தானியங்கு உயவுப்பசை விநியோகக் கண்காணிப்பு முறைமை’ என்று வைத்திருக்கிறேன். கையேடு அச்சுக்குப் போவதற்குள் கருத்துச் சொல்லுங்கள்.

தம்பி, சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளுக்குத் தானாகக் கிரீஸ் (உங்கள் ‘உயவுப்பசை’) அனுப்பி, அது போகிறதா என்று பார்க்கும் அமைப்புக்கு நீங்கள் வைத்த இந்தப் பெயரை ஆலையில் ஒரு பிட்டரிடம் (இயந்திரம் பூட்டிச் சரிசெய்பவரிடம்) படித்துக் காட்டினால் மூன்றாவது சொல்லிலேயே தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுவார். நீளத்தைக்கூட மன்னித்துவிடலாம். என் சண்டை நடுவில் உட்கார்ந்திருக்கும் ‘விநியோகம்’ என்ற சொல்லோடுதான்.

நான் சர்க்கரை ஆலைப் பராமரிப்பில் காலம் தள்ளியவன். ஓர் அரவைப் பருவத்தில், சக்கையைக் கொதிகலனுக்குக் கொண்டுபோகும் கேரியரின் பேரிங் ஒன்று நள்ளிரவில் எரிந்துபோயிற்று. விடியும்வரை அரவை இல்லை. வெளியே கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கட்டுப்பாட்டு அறையிலோ கிரீஸ் பம்பின் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. சுற்று எண்ணும் கருவி ஒரு சுற்றைக்கூடத் தவறவிடவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு கேரியருக்கு அடியில் போய்ப் பார்த்தால், அந்தப் பேரிங்குக்குப் போகும் குழாய் இணைப்பில் அறுந்து தொங்குகிறது. கீழே கிரீஸும் சக்கைத் தூளும் சேர்ந்து சாணிக் குவியல் போலக் கிடந்தன. விநியோகம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, தரைக்கு!

கருவி பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. அங்கே இருந்தது, பம்பு தரும் கிரீஸைப் பல பேரிங்குகளுக்கு வரிசை முறையில் பகிரும் கட்டை. நம் ஊர் முறைப்பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பிஸ்டன் தன் பங்கைத் தள்ளி முடித்தால்தான் அடுத்த பிஸ்டனுக்கு வழி திறக்கும். ஏதேனும் ஒரு வழி அடைத்துக்கொண்டால் வரிசை முழுவதும் நின்றுவிடும். பம்பில் அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு வழியாகக் கிரீஸ் வெளியே கக்கும். அதனால் ஒரே ஒரு பிஸ்டனில் உணரி (சென்சார்) வைத்தாலே கட்டை முழுவதற்கும் காவல் வைத்ததாகிவிடும். அடைப்பைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் கட்டையைத் தாண்டிக் குழாய் அறுந்தால் பிஸ்டனுக்கு அது தெரியவே தெரியாது. எதிர்ப்புக் குறைந்ததால் இன்னும் சுகமாக ஓடும்.

உருக்காலைகளில் உள்ள இரட்டைக் குழாய் முறைக்கு இதற்கு நேர்மாறான குருடு. அங்கே இரண்டு தாய்க்குழாய்களில் மாறி மாறி அழுத்தம் ஏறும். தாய்க்குழாயின் கடைசியில் ஓர் அழுத்த ஆளி (பிரஷர் சுவிட்ச்) இருக்கும். தாய்க்குழாய் உடைந்தால் அழுத்தம் ஏறாது, உடனே தெரிந்துவிடும். ஆனால் ஒரு பேரிங்கின் வழி மட்டும் அடைத்துக்கொண்டால் மற்றவை பாட்டுக்கு வேலை செய்யும். ஆளிக்கு எதுவும் தெரியாது.

ஆக, பம்பு ஓடியது, அழுத்தம் ஏறியது, பிஸ்டன் நகர்ந்தது, பேரிங்குக்குள் போனது என்று நான்கு வேறு வேறு செய்திகள் இருக்கின்றன. ‘விநியோகக் கண்காணிப்பு’ நான்கையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது ஒரு செய்தி. பேராவூரணிப் பக்கம் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பது வேறு செய்தி. காவிரிப் பாசனத்தில் பிறந்த எவரும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். இயந்திரத்துக்கு எழுதும்போது மட்டும் நாம் ஏன் குழப்ப வேண்டும்?

இனி என் முன்மொழிவு. கிரீஸ் அடிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ‘விநியோகம் ஆகிறதா’ என்றல்ல, ‘கிரீஸ் ஏறுகிறதா’ என்றுதான். நரம்பில் மருந்து ஏறுவதைச் சொல்லும் அதே ஏறுதான். இதில் தமிழ் நமக்கு ஒரு வசதி வைத்திருக்கிறது. ஏற்று என்பது பிறவினை, ஏறு என்பது தன்வினை. கிரீஸை மசகு என்று வைத்துக்கொள்வோம், காரணம் பிறகு சொல்கிறேன். பம்பு மசகை ஏற்றுகிறது. பேரிங்கில் மசகு ஏறுகிறது. முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்காமல் போகலாம். என் பேரிங் எரிந்த கதை முழுவதும் இந்த ஒற்று இரட்டிப்பதற்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே பம்பின் வேலையைக் கவனிப்பது ‘மசகேற்றல் கண்காணிப்பு’. போய்ச் சேர்ந்ததைக் கவனிப்பது ‘மசகேறல் கண்காணிப்பு’. கையேட்டில் இரண்டும் வரும், இடம் பார்த்து வரவேண்டும்.

கருவிகளுக்கும் இதே கணக்குத்தான். தாய்க்குழாயின் முடிவில் இருப்பதைக் ‘குழாய்முனை அழுத்த ஆளி’ என்போம். பேரிங்கின் வாயிலேயே பொருத்தி, கிரீஸ் தன் வழியே போனால் மட்டும் சைகை தரும் சிறு உணரி இருக்கிறதே, அதற்குக் ‘கடைமடை உணரி’. முதலாவதைக் கடைமடை என்று அழைக்கக் கூடாது. அது வாய்க்காலின் முடிவு, வயல் அல்ல. (கடைமடை உணரிக்கும் எல்லாம் தெரிந்துவிடாது. உள்ளே போன கிரீஸ் உருளைகளுக்குச் சேர்ந்ததா, பேரிங்கின் வாயை மூடும் ‘சீல்’ வளையத்தைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்ததா என்பது அதற்கும் தெரியாது. சூட்டையும் சத்தத்தையும் பார்க்கும் பழைய வழக்கத்தை அதற்காக விட்டுவிட வேண்டாம்.)

> கிரீஸ் என்றே விட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

பேச்சில் விட்டுவிடலாம், நானும் அப்படித்தான் சொல்கிறேன். மேலே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் பாருங்கள். தலைப்பில் மட்டும் யோசியுங்கள். ‘கிரீஸ் கண்காணிப்பு’ என்று அட்டையில் போட்டால் ஏதென்ஸில் யாரோ ஒற்றறிகிறார்கள் என்று தோன்றும்.

‘உயவுப்பசை’யைப் பரிந்துரைத்த ஆசிரியை அம்மாவுக்கு ஒரு வார்த்தை. உயவு பாடநூல்களில் ஊன்றிவிட்டது, மறுக்கவில்லை. பழைய இலக்கியத்தில் அதற்கு வருத்தம் என்று பொருள் என்பதையும் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு இடிப்பது பசை. பசை ஒட்டவைப்பது, நாமோ ஒட்டாமல் உருள்வதற்காக இதைப் போடுகிறோம். மசகு வண்டிக்காரர்களின் சொல். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து அச்சுக்கு இட்டவர்கள் வைத்துவிட்டுப் போனது. ஆமணக்கு இன்னும் நம்மை விட்டுப் போகவும் இல்லை. இன்று பெருவழக்காக உள்ள லித்தியம் கிரீஸைக் கெட்டிப்படுத்தும் சோப்பு, ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் கொழுப்பு அமிலத்தால்தான் ஆகிறது. வண்டி மாறியது, விதை மாறவில்லை.

ஒரு சிக்கலை மறைக்க விரும்பவில்லை. இலங்கைப் பத்திரிகைகளில் ‘மசகு எண்ணெய்’ என்றால் நிலத்திலிருந்து எடுத்த, சுத்திகரிக்காத எண்ணெய். உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை உயர்ந்தது என்று அங்கே தலைப்பு வரும். தனியாக ‘மசகு’ என்று நின்றால் அங்குள்ள வாசகருக்கு எது நினைவுக்கு வரும் என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்ல வேண்டும். குழப்பம் வரும் என்றால் ‘உயவேறல்’ என்று மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை, காதுக்குத்தான் கொஞ்சம் கரடுமுரடு. ஏற்று, ஏறு வேறுபாடு மட்டும் போகக் கூடாது. அதை விட்டுவிட்டால் நான் இவ்வளவு தட்டச்சு செய்ததே வீண்.

தம்பி, புத்தகம் முழுவதையும் இப்போது மாற்ற வேண்டாம். எச்சரிக்கைச் செய்திகள் உள்ள பக்கத்தை மட்டும் எடுங்கள். அங்கே ‘7ஆம் புள்ளியில் உயவுப்பசை விநியோகக் கோளாறு கண்டறியப்பட்டது’ என்று இருக்கிறது. அதை ‘7ஆம் பேரிங்: மசகு ஏறவில்லை’ என்று ஆக்கி, இரவுப் பணிக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் டார்ச்சை எடுக்கிறாரா, கையேட்டை எடுக்கிறாரா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

அன்புடன்,
பழைய ஆலைக்காரன்

பி.கு. சுற்று எண்ணும் கருவிக்குச் ‘சுழற்சி எண்ணி’ என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே எதுவும் சுழல்வதில்லை, பிஸ்டன் போய் வருகிறது. ‘சுற்றெண்ணி’ போதும்.