நேரலை கேப்ஷன்: உடனே வரணுமா, நிலையா நிற்கணுமா?

கயல்:
பிறந்ததிலிருந்தே எனக்குக் காது கேட்காது. நேரலைக் கூட்டங்களில் தானியங்கி கேப்ஷனை, அதாவது பேச்சை மென்பொருள் உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் காட்டுவதை, படித்துக்கொண்டிருக்கும்போதே சொல் மாறிவிடுகிறது. மென்பொருள் முதலில் ஓர் ஊகத்தைப் போட்டுவிட்டு, அடுத்த சொற்கள் வந்ததும் திருத்துகிறது. உடனே வரிகள் இடம் மாறுகின்றன. விட்ட இடத்தைத் தேடுவதற்குள் இரண்டு வாக்கியம் போய்விடும். ஓரிரு நொடி பொறுத்து, உறுதியான பிறகு வரிவரியாகக் காட்டட்டும்.

மாறன்:
இதை ஏற்க முடியாது. எனக்கு நடுவயதில்தான் கேட்கும் திறன் போனது. உதட்டசைவையும் சேர்த்தே படிக்கிறேன். எழுத்து பிந்தினால் இரண்டும் ஒட்டாது. "கேள்வி இருக்கா?" என்ற வரி எனக்கு வரும்போது வேறொருவர் பேசத் தொடங்கியிருப்பார். பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் நேரலை கேப்ஷனுக்கு முன்பு வைத்த இலக்கே 3 நொடித் தாமதம்தான். அதற்கு மேலும் கூட்டச் சொல்கிறீர்களா?

கயல்:
தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. "மருந்தை நிறுத்த வேண்டும்" என்று காட்டிவிட்டு, நான் கண்ணை எடுத்த பிறகு "வேண்டாம்" என்று திருத்தினால் யார் பொறுப்பு? பேச்சில் கலந்துகொள்வது முக்கியம்தான் மாறன். ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டு கலந்துகொண்டு என்ன பயன்?

எழுத்தாணி:
நான் நேரலைக்குக் கேப்ஷன் எழுதுபவன். பிபிசி வழிகாட்டுதல் ஆங்கில கேப்ஷனின் வேகம் நிமிடத்துக்கு 160 முதல் 180 சொற்கள் என்கிறது. பலர் அதைவிட வேகமாகப் பேசுகிறார்கள். கொஞ்சம் சுருக்கித் தந்தால் இந்தச் சண்டையே வராது.

மாறன்:
வரும். கேட்பவர்களுக்கு முழுப் பேச்சு, எங்களுக்கு மட்டும் சாரமா? எதை விடலாம் என்று நீங்கள் எப்படித் தீர்மானிப்பீர்கள்? பேசுபவரை நிதானிக்கச் சொல்லுங்கள்.

கயல்:
இதில் நான் மாறன் பக்கம். யார் பேசுகிறார் என்று பெயர் போடுங்கள், பின்னணியோடு எழுத்து கலக்காமல் பாருங்கள். சொற்களை மட்டும் வெட்டாதீர்கள்.

மாறன்:
ஒன்றுக்கு ஒப்புக்கொள்கிறேன், கயல். திருத்தமெல்லாம் கடைசி வரிக்குள்ளேயே நடக்கட்டும். மேலே ஏறிய வரியைத் தொடக்கூடாது. தாமதம் வேண்டுமென்றால் அவரவர் கருவியின் அமைப்பில் கூட்டிக்கொள்ளலாம். எல்லோருக்கும் அதையே வைக்காதீர்கள்.

கயல்:
சொந்தக் கைபேசியில் சரி. அரங்கில் எல்லோருக்கும் ஒரே திரை, அங்கே அமைப்பை மாற்ற யார் கையிலும் வழியில்லை. அந்தத் திரைக்கு எதை வைப்பீர்கள்?